சாமி கும்பிடாத அப்பாவோடு கல்லணையிலிருந்து கடல் வரை

வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நீண்ட பயணம் போனவர்கள், வாழ்க்கையைப் பற்றியும் இறைநம்பிக்கையைப் பற்றியும் அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஞானம் எதுவும் பிறக்கவில்லை, முதுகுவலிதான் வந்தது. ஆனால் ஒன்று தெரிந்தது. சாமி கும்பிடாதவர் மனத்திலும் கைகூப்பி நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. சாமி கும்பிடுகிறவர் மனத்திலும் ஒட்டாத இடம் ஒன்று இருக்கிறது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் என் அப்பா அம்மாவிடம் இந்த இரண்டையும் நான் பார்த்ததில்லை. வேனில் பார்த்தேன்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால் தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்குவது, கரையைச் சுற்றி வருவது, முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது அவர் வேலை. கடவுள் மறுப்பாளர். எங்கள் பக்கத்தில் அவர் வயதுக்காரர்களில் அப்படி நிறையப் பேரைப் பார்க்கலாம். பெரும்பாலும் அவர்களுடைய மனைவிமார்தான் ஊரிலேயே அதிகம் விரதம் இருப்பார்கள். 60 வயதில் மணிவிழா வேண்டாம் என்றார். 70 ஆனபோது திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்ய வேண்டும் என்று அம்மா ஆரம்பித்தார். அதற்கும் மறுப்பு. கடைசியில் அக்கா தலையிட்டு ஓர் உடன்படிக்கை எழுதாத குறையாக முடித்து வைத்தாள்: சடங்கு கிடையாது; ஆனால் கல்லணையில் தொடங்கிக் கடல் வரை எல்லோரும் ஒன்றாகப் போவது. அப்பா ஆற்றைப் பார்க்கலாம், அம்மா கோயிலைப் பார்க்கலாம். காவிரி டெல்டாவில் இரண்டுக்கும் ஒரே சாலைதான்.

காலாண்டு விடுமுறையில் கிளம்பினோம். மே மாதம் போயிருந்தால் மணலைத்தான் பார்த்திருப்போம். செப்டம்பர் கடைசியில் ஆற்றில் தண்ணீர் ஓடும், குறுவை அறுவடை நடக்கும், சாலையில் பாதி நெல் காயும். ஓட்டுநர் ஒவ்வொரு முறை நெல்லின் மீது டயர் படாமல் ஒதுக்கியபோதும் அப்பா தலையை ஆட்டி ஆமோதித்தார்.

கல்லணையில் அப்பா வேறு ஆளாக இருந்தார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், பேத்தியை நிறுத்திவைத்து விளக்கிக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் காவிரி, அது வெண்ணாறு, அது 1934இல் வந்த கல்லணைக் கால்வாய், வெள்ளம் வந்தால் அதை வாங்கிக்கொள்கிற கொள்ளிடம் அந்தப் பக்கம். கரிகாலன் காலத்தில் ஆற்று மணலில் பெரும் பெரும் கற்களைப் போட்டார்கள், அவை அமிழ்ந்தன, அதன் மேல் மீண்டும் கல், இடையில் களிமண்; அந்த அடித்தளத்தைத்தான் ஆர்தர் காட்டன் வந்து பார்த்து அசந்து போனார், மணலில் அணை கட்டும் வித்தையை இங்கே படித்துக்கொண்டுதான் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டினார் என்றெல்லாம் சொன்னார். அம்மா தலபுராணம் சொல்லும்போது குரல் எப்படித் தழையுமோ அப்படியே தழைந்திருந்தது. கவனித்தாயா என்று அக்காவும் நானும் கண்ணாலேயே கேட்டுக்கொண்டோம்.

அம்மா விடவில்லை. "இங்கே ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் பூஜை போட்டு, நெல்லும் பூவும் தூவித்தானே தூக்குகிறார்கள்? நீங்கள் அந்த நேரத்தில் என்ன செய்வீர்களாம்?"

"நான் என் தலைப்பில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்."

"அதுதான் நானும் கோயிலில் செய்கிறேன்" என்றார் அம்மா. அப்பாவிடம் பதில் இல்லை. இருந்திருக்கலாம், சொல்லவில்லை.

தஞ்சாவூரில் அம்மா சன்னதிக்குப் போய்விட, அப்பா கல்வெட்டுப் பக்கம் ஒதுங்கினார். ராஜராஜன் 1010ஆம் ஆண்டுவாக்கில் கட்டி முடித்த கோயில் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குப் பிடித்தது அதன் உயரம் அல்ல, கணக்கு. "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்ன அரசன். தன் பெயருக்கு அடுத்து அக்காள் குந்தவையை நிறுத்துகிறான். இதைக் கேட்டதும் என் அக்காவுக்குத் தாங்கவில்லை. வேன் வாடகையில் பாதி அவளுடையது. என் மனைவி செலவு எழுதி வந்த நோட்டில் அன்றிரவே "நம் அக்கன் குடுத்தன" என்று தனிப் பக்கம் திறக்கப்பட்டது.

ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த நேரத்தைத் தூங்க வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, திருவிடைமருதூரில் கிழக்கு வாசலில் செருப்பை விடாதீர்கள். வரகுண பாண்டியனைப் பிடித்திருந்த பிரம்மஹத்தி அந்த வாசலிலேயே அவனுக்காகக் காத்திருக்கிறது, அவன் வேறு வாசலில் வெளியேறித் தப்பித்தான் என்பது கதை. அதனால் உள்ளே போன வழியில் யாரும் திரும்புவதில்லை. கதையைச் சொன்ன அம்மா உட்பட அனைவரும் செருப்பைக் கிழக்கில் விட்டு, வேறு வாசலில் வந்து, தகிக்கிற தாரில் வெறுங்காலோடு மதிலைச் சுற்றினோம். வாசலிலேயே உட்கார்ந்திருந்த அப்பா எல்லாச் செருப்பையும் ஒரு பையில் போட்டு எதிரே எடுத்து வந்தார். பாதி வழியில் சந்தித்தோம்.

மயிலாடுதுறையில்தான் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். ஐப்பசி முழுவதும் அங்கே துலா நீராடல். கால் ஊனமான ஒருவர் நடந்து நடந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அவருக்காகக் கார்த்திகை முதல் நாளிலும் நீராடிப் பலன் பெறலாம் என்று இறைவன் அருளினார். அதுதான் முடவன் முழுக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி. படித்துறையில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னபோது அவர் தனக்காகவும் சொல்கிறார் என்பது புரிந்தது. அப்பா கேட்டுவிட்டு, "கடைமடைக்காரனுக்கு ஒரு நாள் முறையை நீட்டிக் கொடுத்த மாதிரி" என்றார். லஸ்கர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு சாமிக்குக் கிடைக்காது. மேட்டூர் அணை நிரம்பி வழிந்த வருடங்களிலும், வாய்க்காலின் கடைசிக் கோடியான கடைமடை காய்ந்ததைப் பார்த்தவர் அவர்.

பூம்புகார், தரங்கம்பாடியெல்லாம் பிள்ளைகள் கடலில் நனைந்ததோடு சரி. திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக வரிசையாக உட்கார்ந்திருந்த தம்பதிகளை அம்மா பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டபோது சின்னவனுடையதில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. தூணோரம் நின்ற அப்பா, "பூராடம்" என்றார். வீட்டில் யார் பிறந்த நேரத்தையும் அன்றைய மேட்டூர் நீர்மட்டத்தோடு சேர்த்து டைரியில் குறித்து வைத்திருப்பவர். அதற்கு மேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை; மனம் மாறி மாலை போட்டுக்கொண்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

நாகூர் தர்காவில் அம்மா துஆ கேட்டு, தலையில் மயிலிறகு பட நின்றார். அங்கே இருப்பதிலேயே உயரமான 131 அடி மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப சிம்மர். வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி. "இத்தனை பேரிடமும் ஒரே விண்ணப்பமா?" என்று நான் கிண்டல் செய்தேன். "உன் அப்பா கொஞ்சம் பேசட்டும் என்று எல்லோரிடமும்தான் கேட்கிறேன்" என்றார்.

நாகூருக்கு முந்தைய நாள் நடந்ததை நான் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில்தான் இருக்கிறது. திருச்செங்காட்டங்குடிக்குப் போகும் வழியில் அம்மா பிள்ளைகளுக்கு அந்த ஊர்ச் சிறுத்தொண்டர் கதையைச் சொன்னார். வாதாபியை வென்ற படைத்தலைவர், பின்னாளில் அடியார். பைரவ அடியாராக வந்த சிவன் பிள்ளைக்கறி கேட்கிறார். பெற்றோரே மகன் சீராளனை அரிந்து சமைக்கிறார்கள். இறுதியில் பெயர் சொல்லி அழைக்க, பள்ளியிலிருந்து வருகிறவனைப் போல அவன் ஓடி வருகிறான்.

என் மகளுக்கு பதினொரு வயது. "அப்பாயி, அந்தப் பையனிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?" என்றாள்.

பெரிய புராணத்தில் அவன் சிரித்த முகத்தோடு இருந்தான் என்று வரும். அம்மா அதைச் சொல்லியிருக்கலாம். பக்தியின் உச்சம், சோதனை, திருவிளையாடல் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் சிறுவனாக இருந்தபோது எனக்கு அப்படித்தான் சொன்னார். இப்போது கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "எனக்கும் அந்த இடம் ஒட்டுவதில்லைடி. கதை கேட்கும்போதெல்லாம் அவன் ஓடி வருகிற இடத்துக்கு மனசு சீக்கிரம் ஓடிவிடும்" என்றார்.

முன் இருக்கையில் அப்பா. நாற்பது வருடத் தர்க்கத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அவருக்குக் கிடைத்ததே இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பிப் பேத்தியிடம், "அப்பாயிக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடு" என்றார். அவ்வளவுதான். கோயில் வந்தது. அம்மா இறங்கி, எப்போதும்போல விழுந்து கும்பிட்டார்.

மகள் அந்தக் கேள்வியை இன்னும் விடவில்லை. தாத்தாவிடமும் தனியாகக் கேட்டிருக்கிறாள். அவர் என்ன சொன்னார் என்று இருவரும் சொல்ல மறுக்கிறார்கள். அம்மா இப்போது 2028 மகாமகத்துக்குக் கும்பகோணம் போக வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் முழங்கால் என்ன ஆகும் என்பது அப்பாவின் முதல் ஆட்சேபம். குளத்துக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள் என்பது இரண்டாவது. அக்கா நோட்டில் புதுப் பக்கம் திறக்கச் சொல்லியிருக்கிறாள்.