கருவாட்டு டப்பாவும் சாயங்கால அழுகையும்

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்குச் சாயல்குடி பக்கம் ஒரு கடலோரக் கிராமம். அப்பா நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஹாஸ்டலுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. அழாமல் ஒருநாள்கூடத் தூங்கியதில்லை. ரூமில் நாலு பேர். மற்ற மூன்று பேரும் கோவை, ஈரோடு பக்கம், இங்கிலீஷ் மீடியம். நான் 'அங்கிட்டு, இங்கிட்டு' என்றால் சிரிக்கிறார்கள். வந்த மூன்றாம் நாள், அம்மா கொடுத்துவிட்ட கருவாட்டுத் தொக்கை ரூமில் வைத்துத் திறந்தேன். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் சைவம். அதிலிருந்து அந்த டப்பா என் பெட்டிக்குள் துணிக்கு அடியில் கிடக்கிறது. சாப்பிடவும் மனசு வரவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. மெஸ் சாப்பாடும் இறங்கவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு ராமநாதபுரத்திலேயே ஏதாவது காலேஜில் சேர்ந்துவிடட்டுமா? அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்.

பதில்:

அன்பு மகளே,

டி.சி. பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்த டப்பாவை வெளியே எடு.

திறந்து பார். எண்ணெய் மேலே மிதக்கும்படி உன் அம்மா நன்றாகச் சுருள வதக்கியிருந்தால் கெடாமல் இருக்கலாம். பூஞ்சை பூத்திருந்தாலோ வாசம் மாறியிருந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவி வை. நன்றாக இருந்தால், நாளை மதியம் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஈரமில்லாத கரண்டியால் இரண்டு கரண்டி எடுத்து மெஸ்ஸுக்குக் கொண்டு போ. உங்கள் மெஸ் சுத்த சைவம் என்றால் மட்டும் மெஸ் ரெப்பிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். ரசம் சோற்றுக்கோ மோர் சோற்றுக்கோ தொட்டுக்கொண்டு சாப்பிடு. அத்தனை பேர் சாப்பிடும் இடத்தில் தூத்துக்குடிக்காரியோ நாகப்பட்டினத்துக்காரியோ கன்னியாகுமரிக்காரியோ ஒருத்தியாவது வாசம் பிடித்துத் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கும் கொஞ்சம் வை.

அந்த ரூம்மேட் விஷயத்தில் நான் உன் பக்கம் பாதி, அவள் பக்கம் பாதி. கருவாடு உன் வீட்டுச் சாப்பாடு, உன் அப்பாவின் உழைப்பு. அதற்காக நீ யார் முன்னாலும் கூச வேண்டியதில்லை. அதே சமயம், பிறந்ததிலிருந்து அந்த வாசனையே தெரியாத ஒருத்திக்கு, ஜன்னல் சாத்திய ரூமில் அது திடீரென்று வந்தால் குமட்டத்தான் செய்யும். அவள் குமட்டலைப் பொறுக்காமல் ஓடியிருக்கிறாள். நீ அதை உன்னை அருவருத்ததாக எடுத்துக்கொண்டுவிட்டாய். ஒருவேளை அவளும் அன்றிலிருந்து, 'அவள் மனசு புண்படும்படி நடந்துகொண்டேனே, எப்படிப் பேசுவது' என்று தவித்துக்கொண்டிருக்கலாம். நீயே போய்ச் சொல்: "இனிமே ரூம்ல திறக்கமாட்டேன், மெஸ்ல வச்சுச் சாப்பிட்டுக்குவேன். ஆனா அன்னைக்கு நீ மூக்கப் பொத்திக்கிட்டுப் போனது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு." இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் நீ பணிந்து போனதாகிவிடும், இரண்டாவதை மட்டும் சொன்னால் சண்டையாகிவிடும். லைட் எத்தனை மணிக்கு அணைப்பது, போனில் சத்தமாகப் பேசுவது, யார் துணி எந்தக் கொடியில் என்று நாலு பேர் இருக்கும் ரூமில் வருகிற எல்லாத் தகராறுக்கும் இதே மாதிரி பேசிப் பழகு.

இனி அழுகை. நான் 1983-ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஹாஸ்டலுக்குப் போனவள். பிறகு ஆசிரியையாகி, பன்னிரண்டு வருஷம் பெண்கள் விடுதியில் துணை வார்டனாகவும் இருந்தேன். முதல் வருஷப் பிள்ளைகளின் அழுகை நாள் முழுக்க இருப்பதில்லை என்பதை அங்கேதான் கவனித்தேன். காலையில் பாத்ரூமுக்கு வாளியோடு வரிசையில் நிற்கும்போது அழ நேரமில்லை. வகுப்பில் தூக்கம் வரும், அழுகை வராது. வகுப்பு முடிந்து ரூமுக்கு வந்ததிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை உள்ள இரண்டு மணி நேரம்தான் கண்டம். வராந்தாவில் நடந்தால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.

உன் ஊரில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். விளக்கு வைத்திருப்பார்கள், அம்மா அடுப்படியில் இருப்பாள், அப்பா திண்ணையிலோ மணலிலோ உட்கார்ந்து வலை பார்ப்பார், யாராவது வந்து போய்க்கொண்டிருப்பார்கள். பதினெட்டு வருஷம் ஆள் சத்தத்தோடு இருந்த பொழுது இப்போது ஒரு கட்டிலும் ட்யூப்லைட்டுமாக இருக்கிறது. அது வலிக்கத்தான் செய்யும். அதனால் அந்த இரண்டு மணி நேரத்தை ரூமில் கழிக்காதே. புத்தகப் பையை வைத்த கையோடு இறங்கிவிடு. கிரவுண்டைச் சுற்றி நட, த்ரோபால் ஆடுகிறவர்கள் இருந்தால் பந்து பொறுக்கிப் போடவாவது நில். வாரத்தில் இரண்டு நாள் துணி துவைப்பதை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள். துவைக்கிற கல்லில் கிடைக்கிற சிநேகிதம் வகுப்பில் கிடைப்பதில்லை. உடம்பு கொஞ்சம் களைத்தால் சாப்பாடும் இறங்கும், தூக்கமும் வரும்.

இதோடு போன் சேர்ந்துகொள்கிறது. எங்கள் காலத்தில் நீல நிற இன்லண்ட் லெட்டர் எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்கு ஒரு வாரம் காத்திருப்போம். அது வசதி என்று சொல்ல வரவில்லை, கொடுமைதான். ஆனால் சாயங்காலம் அழுததை ராத்திரிக்குள் மறந்துவிடுவோம். இப்போது பிள்ளைகள் அழுகை வந்த நிமிஷமே வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அம்மாவின் குரல் கேட்டதும் அழுகை இரண்டு மடங்காகிறது, அங்கே அம்மாவும் சாப்பிடாமல் படுக்கிறாள். உன் வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது என்றால் நேரத்தை மாற்று. ராத்திரி சாப்பிட்ட பிறகு, எட்டரை மணி வாக்கில், ஒரே ஒரு தடவை பேசு. பேசப் போகும் முன் அன்று நடந்ததில் ஒன்றையாவது சொல்வதற்கென்று எடுத்து வைத்துக்கொள்.

ஒவ்வொரு சனி ஞாயிறும் ஊருக்கு ஓடாதே. சிங்காநல்லூரில் பஸ் ஏறி, மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணிக்குப் போய் மறுபடி பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் ஒருநாள் போய்விடும். அலுப்பு தீருமுன் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை மறுபடி முதல் நாள் மாதிரியே இருக்கும். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்து பார்.

'அங்கிட்டு' விஷயத்துக்கு எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்கள் ஊரில் 'அக்கட்டால' என்பார்கள். உனக்கு அது புதுசு, அவர்களுக்கு இது புதுசு. பேச்சை மாற்றிக்கொள்ளாதே. அடுத்த தடவை சிரித்தால், "நீங்க அக்கட்டாலன்னு சொல்றதத்தான் நாங்க அங்கிட்டுன்னு சொல்றோம்" என்று சொல்லிவிட்டு நீயும் சிரி.

இங்கிலீஷ் பயமும் கடிதத்தில் தெரிகிறது. முதல் செமஸ்டர் கணக்கில் வருகிற மேட்ரிக்ஸ் வேறொன்றுமில்லை, நீ படித்த அணிகள்தான். டிஃபரன்ஸியேஷன் வகையிடல், இன்டக்ரேஷன் தொகையிடல். பாதிக்கு மேல் உனக்குத் தெரிந்த பாடம், பெயர்தான் மாறியிருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இங்கிலீஷ் சொல்லையும் அதற்கு நேரே பள்ளிக்கூடத்துத் தமிழ்ச் சொல்லையும் எழுதிக்கொண்டே வா. புரியாததை வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தமிழிலேயே கேள். அவர்களில் பலரும் உன்னை மாதிரி வந்தவர்கள்தான்.

காலைச் சாப்பாட்டை மட்டும் விடாதே. பிடிக்காவிட்டாலும் இரண்டு இட்லி. வெறும் வயிற்றோடு லேபில் நின்று மயங்கி விழுந்த எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன். இடம் மாறியதில் மாதவிலக்கு முன்னே பின்னே ஆவதும் உண்டு, பயப்படாதே. இரண்டு மூன்று மாதம் வராமலே இருந்தால் டாக்டரைப் பார்த்துவிடு. 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் கேள். வந்தால் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிடாமல் பழம், கடலை, சோப்பு என்று உனக்கும் கொஞ்சம் செலவழி.

நீ எழுதவில்லை, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். சீனியர்கள் யாராவது ராத்திரியில் கூப்பிட்டு மிரட்டுவது, வேலை வாங்குவது, அவமானப்படுத்துவது என்று ஏதாவது நடக்கிறதா? 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசுவை ராகிங்குக்குப் பறிகொடுத்தோம். அடுத்த வருஷமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'சும்மா விளையாட்டு' என்று யார் சொன்னாலும் நம்பாதே. வார்டனிடம் சொல், அவர் கேட்காவிட்டால் 1800-180-5522 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். அதே மாதிரி, வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, வகுப்புக்கே போக முடியவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று ஒருநாள் தோன்றினாலும் அது வீட்டு ஏக்கம் மட்டும் இல்லை. அன்றே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடு, தமிழிலேயே பேசுவார்கள். பக்கத்துக் கட்டில்காரியையும் எழுப்பு.

சரி, டி.சி. இப்போது வாங்காதே. ஆறு வாரத்து அழுகையை வைத்து நாலு வருஷத்தை முடிவு செய்ய வேண்டாம். உன் இடத்துக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு கட்டுகிறது. அதை விட்டுவிட்டு நடுவில் போனால் இந்த வருஷம் வேறு இடத்தில் சேர்வதும் கஷ்டம். முதல் செமஸ்டர் பரீட்சை எழுது. அப்புறமும் வேண்டாம் என்றால் எனக்கு எழுது, வேறு வழி பார்ப்போம். திரும்பிப் போவது ஒன்றும் பாவமில்லை. அப்பாவிடம் மறைக்காதே. "கஷ்டமாத்தான் இருக்குப்பா, பரீட்சை வரைக்கும் இருந்து பாக்குறேன்" என்று சொல். கடலுக்குப் போகிறவருக்குக் கஷ்டம் என்ற வார்த்தை புதிதில்லை, பயந்துவிடமாட்டார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகப் பஸ்ஸில் இப்போதே இடம் பிடித்து வை, கடைசி நேரத்தில் சிங்காநல்லூரில் நிற்க முடியாது. திரும்பி வரும்போது அம்மாவிடம் சொல்லிக் கருவாட்டோடு உங்கள் பக்கத்துப் பனங்கருப்பட்டியும் ஒரு கிலோ வாங்கி வா. அதை ரூமிலேயே பிரிக்கலாம், முதல் துண்டை அந்தச் சைவக்காரிக்குக் கொடு.