ராத்திரி பத்து மணிக்கு மேல் மிக்ஸர் ஓடலாமா?

வீடு கட்டுகிறவர்களும் பக்கத்தில் குடியிருப்பவர்களும் ஒரே விஷயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்: சத்தம். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அய்யா, வணக்கம். கிருஷ்ணகிரி டவுனுக்குள் ஆயிரம் சதுர அடியில் வீடு கட்டுகிறோம். போன மாதம் தளம் போட்ட அன்று வேலை இழுத்துக்கொண்டே போய் ராத்திரி பதினொரு மணி வரை மிக்ஸர் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். வந்தவர்கள் உடனே நிறுத்தச் சொன்னார்கள். பாதித் தளத்தில் எப்படி நிறுத்துவது? சொந்த இடத்தில் வீடு கட்ட நேரம் காலம் பார்க்க வேண்டுமா? அடுத்து மாடித் தளம் போட வேண்டும்.

பதில்: பார்க்கத்தான் வேண்டும். மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. 2010இல் அதில் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்தில் சத்தம் எழுப்பும் கட்டுமான மிஷின் எதையும் ஓட்டக் கூடாது. சத்தம் எத்தனை டெசிபல் என்று அளந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஓட்டினாலே மீறல்தான். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் செய்ததில் தப்பு எதுவும் இல்லை, அவர்மேல் கோபம் வேண்டாம்.

ஆனால் பாதித் தளத்தில் நிறுத்துவது எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்கும் தெரியும். பல வருஷம் முன்பு தர்மபுரி பக்கம் நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு மிக்ஸரின் பெல்ட் அறுந்தது, மாற்று பெல்ட் வர ஏழு மணி ஆகிவிட்டது, நாங்களும் விடாமல் ராத்திரி ஒரு மணி வரை ஓட்டினோம். பன்னிரண்டு மணி வாக்கில் பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு கேட் அருகில் வந்து நின்றார். திட்டவில்லை, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தபடி நின்றார். அன்றைக்கு மிக்ஸரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஆயிரம் சதுர அடி, ஐந்து அங்குலத் தளம் என்றால் பீமோடு சேர்த்துச் சுமார் 15 கன மீட்டர் கான்கிரீட். எம் 20 என்ற தரக் கலவைக்குக் கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமெண்ட் வைத்துப் பாருங்கள், 120 மூட்டை. ஒரு மூட்டை மிக்ஸரில் ஒரு தடவைக்கு நாலு நிமிஷம் என்றால் எங்கும் நிற்காமல் ஓடினாலே எட்டு மணி நேரம். இதில் சாப்பாடு, டீ, லிஃப்டில் கயிறு சிக்குவது, தண்ணீர் தீர்ந்து லாரிக்குக் காத்திருப்பது எல்லாம் சேரும். பூஜை முடித்து ஆட்கள் வந்து பத்து மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி ஆவதற்கு வேறு காரணமே தேவையில்லை. மணலும் ஜல்லியும் சிமெண்டும் முந்தின நாளே மிக்ஸர் பக்கத்தில் இருக்கட்டும், பூஜையைக் காலை ஆறு மணிக்கு முடித்துவிட்டு ஏழுக்குள் முதல் கலவையைக் கொட்டுங்கள், பெல்ட்டும், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் நீடிலும் ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கட்டும். பணம் இடம் கொடுத்தால் ரெடிமிக்ஸ் சொல்லிவிடுங்கள். ஆறு கன மீட்டர் லாரி மூன்று வந்தால் பம்ப் வைத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தளம் முடிந்துவிடும். அந்த நேரம் சத்தம் பலமாகத்தான் இருக்கும், ஆனால் மத்தியானத்துக்குள் தெரு அடங்கிவிடும்.

அப்படியும் தாமதமானால் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று இன்ஜினியரைக் கேட்டுத் தளம் போடுவதற்கு முன்பே கான்கிரீட்டைத் தாங்க அடியில் கட்டும் சென்ட்ரிங் தகரத்தின் மேல் சாக்பீஸால் குறித்து வையுங்கள். பொதுவாக ஸ்பேனின், அதாவது இரண்டு தாங்கலுக்கு இடைப்பட்ட தூரத்தின் நடுப்பகுதியில், ஓரத்தில் ஒரு ரீப்பர் கட்டையைக் கட்டி நேர் முகமாக நிறுத்துவார்கள், மறுநாள் அந்த முகத்தைக் கொத்திவிட்டுக் கழுவி, சிமெண்ட் பால் ஊற்றித் தொடர்வார்கள். போலீஸ் வந்து நின்ற இடத்தில் நிறுத்துவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

பகல் விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல், ராத்திரி 45. கடைத்தெரு போன்ற வணிகப் பகுதிக்கு 65, 55. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே 60 வரும், அதனால் வீடு கட்டிக்கொண்டே 55க்குள் இருப்பது நடக்காத காரியம் என்று நினைப்பீர்கள். அது ஒரு நேரம் முழுவதற்குமான சராசரி, ஒரு நொடி கேட்கும் 'டங்' அல்ல. அளவைவிட 10 டெசிபல் கூடினால் யாரும் புகார் கொடுக்கலாம் என்பது விதி. ஆக நாம் செய்ய வேண்டியது சராசரியைக் கீழே இறக்குவது.

தூரம் இரட்டித்தால் ஆறு டெசிபல் குறையும். ஐந்து மீட்டரில் 85 கேட்கும் மிஷின் பத்து மீட்டரில் 79, இருபதில் 73. மூன்று சென்ட் மனையில் இதற்கு மேல் தள்ளி வைக்க எங்கே போவது? அதனால் தடுப்பு வேண்டும். தகர வேலி தனியாக நின்றால் அதுவும் சேர்ந்து அதிரும். வாங்கி இறக்கிய செங்கல்லை எங்கோ ஒரு மூலையில் அடுக்காமல் மிக்ஸருக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் நடுவில், மிக்ஸரை ஒட்டி, ஆள் உயரத்துக்கு இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். அங்கிருந்து மிஷின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மறைத்தாலே நாலைந்து டெசிபல் குறையும், செலவு ஒரு ரூபாய் இல்லை. அடுக்கு சரியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் யாரும் கவனிக்காத ஒன்று, சென்ட்ரிங் பிரிப்பது. பிரித்த தகரத்தை மாடியிலிருந்து வீசுவார்கள், அது ஒவ்வொன்றும் வெடி மாதிரி விழும். கயிற்றில் கட்டி இறக்கச் சொல்லுங்கள், தகரமும் நெளியாது. வைப்ரேட்டர் நீடில் கம்பியில் பட்டால் 'கிர்ர்ர்' என்று கத்தும், கம்பியில் படாமல் பிடிப்பதுதான் வேலைக்கும் நல்லது. மாடித் தளத்துக்கு நாள் குறித்ததும் நாலு பக்கத்து வீடுகளுக்கும் நீங்களே போய், "அக்கா, வியாழக்கிழமை தளம் போடுகிறோம், காலையிலிருந்து சாயங்காலம் வரை சத்தம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மேஸ்திரியை அனுப்ப வேண்டாம். உங்கள் போன் நம்பரையும் கொடுங்கள், அடுத்த முறை போலீசுக்கு முன்னால் உங்களைக் கூப்பிடுவார்கள்.

கேள்வி: பர்கூர் பக்கம் மனை. அஸ்திவாரம் தோண்டினால் மூன்றடியில் பாறை. பொக்லைனில் பிரேக்கர் மாட்டி உடைக்கலாம் என்கிறார் காண்ட்ராக்டர். அறுபது மீட்டரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, உடைக்கலாமா?

பதில்: நம் மாவட்டத்தில் மண்ணுக்கு அடியில் பாறை வருவது சகஜம், ஊரே கிரானைட் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது. முதலில் ஒன்று கேட்கிறேன், அதை ஏன் உடைக்க வேண்டும்? கெட்டிப் பாறையைவிட நல்ல அஸ்திவாரம் எது? இன்ஜினியரை வரவழைத்து, அது முழுப் பாறையா, புரண்டு கிடக்கும் குண்டா, அடியில் மண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முழுப் பாறை என்றால் மேலே கொத்திச் சமன் செய்து, துளை போட்டுக் கம்பி நட்டு, அதன் மேலேயே ஃபுட்டிங், அதாவது தூணின் அடிக் கான்கிரீட் வைக்க வழி இருக்கும். பிரேக்கர் வாடகையும் மிச்சம், சத்தமும் மிச்சம்.

செப்டிக் டேங்குக்கோ சம்ப்புக்கோ உடைத்தே ஆக வேண்டும் என்றால், பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அப்படி அறிவித்திருந்தால் பகல் அளவே 50 டெசிபல்தான். பிரேக்கர் அதற்குள் அடங்கவே அடங்காது. தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசி லீவு நாளில் வைத்துக்கொள்ளுங்கள், மார்ச் மாதம் பொதுத் தேர்வு நேரத்தில் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். இன்னொரு வழி, பாறை பிளக்கும் பவுடர். பாறையில் வரிசையாகத் துளை போட்டு, அந்தச் சுண்ணாம்புப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டால் அது மெல்ல உப்பி, மறுநாள் பார்த்தால் பாறை சத்தமே இல்லாமல் வெடிப்பு விட்டிருக்கும். துளை போடும் சத்தம் மட்டும்தான், அதை லீவு நாளில் முடித்துவிடலாம். ஊற்றிய பிறகு துளையை எட்டிப் பார்க்கக் கூடாது, சில நேரம் பீய்ச்சி அடித்துக் கண்ணைக் கெடுத்துவிடும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் தொட விடாதீர்கள்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ராத்திரி ஷிஃப்ட். காலை ஏழரைக்கு வந்து படுத்தால் எட்டு மணிக்கு எதிர் வீட்டில் டைல்ஸ் கட்டர் ஆரம்பிக்கிறது. மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை. சட்டம் எனக்கு உதவுமா?

பதில்: கொஞ்சம்தான் உதவும் தம்பி. மிஷினை அறவே நிறுத்தும் தடை ராத்திரி நேரத்துக்கு மட்டும், உங்கள் ராத்திரியோ பகலில் இருக்கிறது. பகல் அளவான 55ஐவிட 10 கூடினால், அதாவது 65ஐத் தொட்டால் எழுத்தில் புகார் கொடுக்கலாம். கலெக்டர், அல்லது இதற்கென அரசு நியமித்த, டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி அதை விசாரிக்க வேண்டும். போனில் இருக்கும் டெசிபல் ஆப் ஒரு குறிப்புக்குத்தான், அதிகாரிகள் தங்கள் கருவியில் அளப்பார்கள். ஆனால் புகார் நகர்ந்து முடிவதற்குள் எதிர் வீட்டில் டைல்ஸ் வேலையே முடிந்திருக்கும்.

அதனால் நேரே போய் மேஸ்திரியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வெட்டும் வேலையை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியுமா? முழு டைல்ஸ் பதிப்பதற்கு வெட்டவே வேண்டாம், ஓரத்துக்கும் மூலைக்கும்தான் வெட்டு. காலையில் முழுசு பதித்து, ஓரங்களுக்கு அளவெடுத்து வைத்துக்கொண்டு, மத்தியானம் மொத்தமாக வெட்டலாம், வேலை ஒன்றும் கெடாது. தெருவில் உட்கார்ந்து வெட்டாமல் உள் ரூமில் ஜன்னலைச் சாத்தி, டைல்ஸுக்கு அடியில் ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டு வெட்டினால் அந்தக் 'கீச்' பாதியாகக் குறையும், தூசியும் அடங்கும். மழுங்கிய பிளேடுதான் ரொம்பக் கத்தும், புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் ஷிஃப்ட் விவரம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, ஓசூரில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் பகலில் தூங்குகிறவர், சொன்னால் புரியும்.

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பத்து வருஷமாகக் கிரானைட், டைல்ஸ் வெட்டுகிறார். இப்போதெல்லாம் டிவியைச் சத்தமாக வைக்கிறார், நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார், போதுமா?

பதில்: போதாது அம்மா, பஞ்சு சத்தத்தைத் தடுக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இருபது மீட்டர் தள்ளிக் கேட்கிற சத்தம் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு முழத்தில் கேட்கிறது, இதை யாரும் புகாராக எழுதுவதில்லை. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளே 90 டெசிபலில் எட்டு மணி நேரம், 100 என்றால் இரண்டு மணி நேரம் என்றுதான் எல்லை வைத்திருக்கின்றன. கட்டர் நூறைச் சுலபமாகத் தொடும். இப்படிப் போன கேட்கும் திறன் திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப் போய்க் கேட்கும் திறன் சோதனை எடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் காதடைப்பு கிடைக்கும். அதை அப்படியே காதில் திணித்தால் பயன் இல்லை. விரல்களுக்கு நடுவே உருட்டி மெல்லிய குச்சி மாதிரி ஆக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது உப்பி அடைக்கும் வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். முதல் தடவை நீங்களே அவர் காதில் வைத்துக் காட்டுங்கள்.