காஸ் அடிக்க முதல் பல்கனியைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில், கடல் பக்கம் பார்த்த தொடர்மாடியில் மூன்றாம் மாடி. படுக்கையறையில் 12,000 பி.ரி.யூ ஏசி. முன்பு கால் மணித்தியாலத்தில் குளிர்ந்துவிடும், இப்போது ஒரு மணித்தியாலம் எடுக்கிறது. திருத்த வந்தவர் காஸ் முடிந்துவிட்டது என்கிறார். போன வருடமும் அடித்தோம். திரும்பவும் அடிக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஏசி காஸ் பெற்றோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது அது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த வருடமும் காசு கொடுக்க வேண்டியதுதான்.

பில்டரைக் கழுவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன சோதனை. ரிமோட்டில் 18 பாகை, விசிறி முழு வேகம். 15 நிமிடம் ஓடவிட்டு, மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும் கீழே வெளியே வரும் இடத்திலும் வெப்பமானியைப் பிடியுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 பாகை வரை இருந்தால் இயந்திரத்தில் பெரிய பிழை இல்லை. அறைக்குள் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். உங்கள் பக்கச் சுவர் மேற்கு வெயிலில் காய்வது. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் வேறு நிற்கும். பின்னேரம் வாங்கிய சூட்டை அந்தச் சுவர் இரவில்தான் விடும். நாலு மணிக்கு முன்பே தடித்த திரைச்சீலையை இழுத்துவிட்டால் யன்னல் வழியாக வரும் வெயிலாவது குறையும்.

வித்தியாசம் ஐந்து பாகைதான் என்றால் பல்கனிக்குப் போங்கள். கடலோர வீடுகளில் நான் முதலில் பார்ப்பது வெளியலகைத்தான். உள்ளே எடுத்த வெப்பத்தை வெளியே கொட்டுவது அதன் வேலை. கொட்ட இடமில்லாவிட்டால் அறை எப்படிக் குளிரும்? ஒரு வீட்டில் வெளியலகுக்கு நேர் முன்னால் கொடி கட்டி, துவாய்கள் போட்டிருந்தார்கள். 'அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும்' என்று அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். துவாயை எடுத்ததும் ஏசியும் சரி.

துணி இல்லையென்றால் உப்பு. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் உப்பு, பின்பக்கத்து மெல்லிய அலுமினியத் தகடுகளில் படிந்து அவற்றை அரிக்கும். விரலால் தொட்டால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் தகடு போய்விட்டது, கழுவிப் பயனில்லை. வெறும் அழுக்கு என்றால் பிரேக்கரை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவலாம். அழுத்தமாக அடித்தால் தகடுகள் மடங்கிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும். எட்டாத இடத்தில் இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள், தொங்கிக்கொண்டு கழுவ வேண்டாம்.

இதற்குப் பிறகும் குளிராமல், மெல்லிய செப்புக் குழாயில் ஐஸ் பிடித்தால், அல்லது குழாய் பூட்டும் பித்தளை நட்டுகளில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால், காஸ் குறைந்திருப்பதாகச் சந்தேகிக்கலாம். அப்போதும் சவர்க்கார நுரை தடவிக் கசிவைக் காட்டச் சொல்லுங்கள். அடைத்த பிறகு, வெளியலகின் லேபலில் உள்ள அளவுக்குத் தராசில் நிறுத்து நிரப்பச் சொல்லுங்கள். வெளி விசிறி சுற்றவே தயங்கினால், அதைச் சுற்றத் தொடங்கவைக்கும் கப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம். மலிவான சாமான்தான், ஆனால் கரண்டை நிறுத்திய பிறகும் அதற்குள் மின் தங்கியிருக்கும். மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம்.