ஆறு வயதுக்குள்: ஆரம்பநிலை இடையீடு, சான்று, உதவித்தொகை – கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதியில் குழந்தையின் வயதே இல்லை. "சின்னப் பையன்" என்பது வயதல்ல. 14 மாதமா 40 மாதமா என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. அடுத்த முறை எழுதுகிறவர்கள் வயதை மாதக் கணக்கிலும், கூடவே மாவட்டத்தையும் எழுதுங்கள்.

என் மகளுக்கு 22 மாதம், இன்னும் நடக்கவில்லை. யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எடுத்த பிறகுதான் டிஇஐசியில் (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) சேர்ப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா? (வேலூர்)

இல்லை. டிஇஐசி, ஆர்பிஎஸ்கே என்ற தேசியக் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் வருவது. 2013-இல் தொடங்கிய அந்தத் திட்டம் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசம். யூடிஐடி அட்டை, வருமானச் சான்று, ஊனச் சதவீதம் எதுவும் கேட்கக் கூடாது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பரிந்துரைச் சீட்டு வாங்கிப் போனால் வரிசை கொஞ்சம் சுலபமாகும், அவ்வளவுதான். பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, ஆதார் மூன்றின் நகல் போதும். அசலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. 18 மாதத்தில் நடக்காத குழந்தையையே காட்டியிருக்க வேண்டும். இந்த வாரமே போங்கள்.

பையன் பேசவில்லை. அரசு என்னென்ன சலுகை தருகிறது? (ஊர், வயது இல்லை)

சலுகைப் பட்டியல் ஓடிவிடாது. காது பார்த்தீர்களா? பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காதைத்தான் சோதிக்க வேண்டும். "பிறந்தபோதே ஓஏஇ (உட்செவிச் சோதனை) பாஸ்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை அதிகமாகி இரத்தம் மாற்றிய குழந்தை இவர்களுக்கு ஓஏஇ மட்டும் போதாது, பெரா (செவி நரம்புச் சோதனை) அவசியம். உட்செவி சரியாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓஏஇ பாஸ் என்றே காட்டும். முதல் மாதத்தில் பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி, ஆறாம் மாதத்துக்குள் கருவி என்பதுதான் கணக்கு. உங்கள் பையன் அதைத் தாண்டியிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. இனியும் தள்ளாதீர்கள்.

மூன்று வயது மகனுக்கு அறிவுசார் குறைபாடு என்று சான்று கேட்டோம். "5 வயசாகட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். (திண்டுக்கல்)

அவர்கள் சொன்னதில் பாதிதான் சரி. 5 வயதுக்குள் "அறிவுசார் குறைபாடு" என்ற பெயரில் சான்று கிடையாது. ஆனால் 1 வயது முடிந்தாலே "ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்" என்று தற்காலிகச் சான்று தரலாம். 2018-இல் அறிவிக்கப்பட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலிலேயே அது இருக்கிறது. பிறகு 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18-இல் தருவதுதான் ஆயுள் முழுதும் செல்லும். தற்காலிகம் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்ன "அப்புறம் வா" எந்தக் கோப்பிலும் ஏறாது.

இன்னொன்று. விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு இனிஷியல்தான் பெரிய காரணம். பிறப்புச் சான்றில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர், டிஸ்சார்ஜ் சம்மரியில் "பேபி ஆஃப்" போட்டு அம்மா பெயர் என்று மூன்றில் மூன்று பெயர் இருக்கும். மருத்துவக் குழுவுக்கு நாள் வாங்குவதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள்.

31 வாரத்தில் பிறந்த குழந்தை, 1.4 கிலோ. கண் டாக்டரை எப்போது பார்ப்பது?

பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் இது கட்டாயம். 28 வாரத்துக்கும் முன்பே பிறந்ததென்றால் இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. இதில் "அடுத்த மாதம்" என்ற பேச்சே கிடையாது.

பராமரிப்பு உதவித்தொகை எவ்வளவு, யாருக்கு?

மாதம் ரூ.2,000, 2023 ஜனவரியிலிருந்து. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதமும் அதற்கு மேலும், கடும் உடல் ஊனத்துக்கு 75 சதவீதமும் அதற்கு மேலும். இதற்கு யூடிஐடி வேண்டும், தெரபிக்கு வேண்டாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டிஇஐசியில் ஸ்பீச் தெரபி மாதம் ஒரு முறைதான் தருகிறார்கள், அதுவும் 20 நிமிடம். தனியாரில் வாரம் 3 முறை சொல்கிறார்கள், எங்களால் முடியாது. அரசிடம் பணம் இல்லையா? (விழுப்புரம்)

பணம் வருகிறது, ஆனால் அது கண்டுபிடிப்பதற்கான பணம். தெரபி மணிக்கணக்குக்கான பணம் இல்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 8.5 லட்சம் பிரசவம், 38 மாவட்டம். ஒரு மாவட்டத்துக்கு 22,000 குழந்தை. நூற்றுக்கு இரண்டு குழந்தைக்குத் தெரபி தேவை என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 440 பேர். மூன்று ஆண்டுக் குழந்தைகளைச் சேர்த்தால் 1,300. பாதிப் பேருக்குப் பேச்சுப் பயிற்சி என்றால் 650. ஒரு தெரபிஸ்ட் நாளைக்கு 8 குழந்தை, ஆண்டுக்கு 240 நாள் பார்த்தால் 1,900 அமர்வு. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு மூன்று! உங்களுக்கு மாதம் ஒன்று கிடைக்கிறது என்றால், இந்தக் கணக்கில் உள்ள முக்கால்வாசிக் குழந்தைகள் டிஇஐசி வாசலையே மிதிக்கவில்லை என்று அர்த்தம்.

ஏன் இப்படி? ஆர்பிஎஸ்கே நிதி தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாக வருகிறது. மத்திய அரசு 60, மாநிலம் 40. ஒவ்வோர் ஆண்டும் மாநிலம் திட்டம் எழுதி அனுப்ப, ஒப்புதல் வருகிறது. ஒப்புதல் கிடைப்பது பதவிகளுக்கு. டிஇஐசிக்குக் குழந்தை மருத்துவர், பல் மருத்துவர், பிசியோ, ஸ்பீச், சைக்காலஜிஸ்ட், ஆப்டோமெட்ரிஸ்ட், சிறப்பாசிரியர் என்று ஒரு டஜன் பதவி. பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். தனியாரில் இரண்டு மடங்கு கிடைத்தால் ஸ்பீச் தெரபிஸ்ட் ஏன் தங்குவார்? இடம் காலியாகும், சம்பளப் பணம் செலவாகாமல் நிற்கும். செலவாகாத பணத்தை மேலே தேவையில்லாத பணம் என்று படிப்பார்கள். அறிக்கையில் பெருமையாகக் காட்டுவது எத்தனை லட்சம் குழந்தையைப் பரிசோதித்தோம் என்ற எண்ணிக்கை. எத்தனை குழந்தைக்கு எத்தனை மணி நேரம் தெரபி கொடுத்தோம் என்ற வரி எங்கே? கண்டுபிடித்துவிட்டுக் கைவிடுவது, கண்டுபிடிக்காமல் இருப்பதைவிட ஒன்றும் உயர்ந்ததல்ல.

சட்டமும் இந்த வயதைத்தான் நழுவவிடுகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இலவசக் கல்வி 6 வயதிலிருந்து 18 வரை. ஆறுக்குக் கீழே ஆண்டுக்கொரு முறை பரிசோதனை, தடுப்பு என்று சில வரிகள் உண்டு, இத்தனை மணி நேரம் பயிற்சி என்ற உரிமை இல்லை. அரசியல் சாசனத்தின் 45-ஆம் பிரிவு ஆறு வயது வரை மழலைப் பராமரிப்புக்கு அரசு "முயல வேண்டும்" என்கிறது. முயற்சிக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? டிஇஐசியை மதிப்பீட்டுக்கும் மாத மறுபார்வைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் அந்த 20 நிமிடத்தைக் குழந்தையோடு வீணாக்காமல், நீங்கள் கற்றுக்கொள்ளும் நேரமாக மாற்றுங்கள். வீட்டுப் பயிற்சியை எழுதித் தரச் சொல்லுங்கள், செய்து காட்டச் சொல்லி போனில் வீடியோ எடுங்கள். "நிறையப் பேசுங்க" என்பது பயிற்சி அல்ல. பயிற்சி இப்படி இருக்கும்: சாப்பாட்டு நேரத்தில் பிடித்த பொருளைக் கையில் கொடுக்காமல் உங்கள் கண் உயரத்துக்குப் பிடித்து, பெயரை ஒரு தடவை சொல்லி, வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் ஐந்து எண்ணுவது. குழந்தை பார்த்தாலோ, கையை நீட்டினாலோ, சத்தம் கொடுத்தாலோ உடனே கொடுப்பது. நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடம். பெரும்பாலான வீட்டில் தவறுவது அந்த ஐந்து எண்ணுவதில்தான். இரண்டுக்குள் "சொல்லு, சொல்லு" என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

அதோடு மற்ற கதவுகளையும் தட்டுங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையம், வட்டார வள மையத்தின் பிசியோவும் சிறப்பாசிரியரும், சென்னைப் பக்கம் இருந்தால் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் (அங்கே 2021-இலிருந்து எல்லா வகைக் குறைபாட்டுக்கும் ஒரே கூரையில் இடையீட்டு மையம் உண்டு). நான்கு துறை, நான்கு கோப்பு, ஒரே குழந்தை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதில்லை என்பதால் எல்லா நகலும் உங்கள் பையில் இருக்கட்டும். வட்டார வள மையத்துக்கு வருவது சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணம். 2024-25-இல் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான இழுபறியில் அதில் 2,150 கோடி நின்றது நினைவிருக்கும். சிறப்பாசிரியர் சம்பளம் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது என்பதைத் தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

கடைசியாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்றே கேள்வி: டிஇஐசியில் அனுமதித்த பதவி எத்தனை, நிரப்பியது எத்தனை, சென்ற நிதியாண்டில் நடந்த தெரபி அமர்வு எத்தனை. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாளோடு திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். வெறும் புலம்பல் மனுவுக்கும், "4 இடம் காலி" என்று அவர்கள் கையெழுத்திலேயே உள்ள மனுவுக்கும் வித்தியாசம் உண்டு. மனு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

உரிமைகள் திட்டம் 1,763 கோடி என்றார்களே, எங்கள் ஊருக்கு என்ன வந்தது?

மாற்றுத்திறனாளிகளுக்காக மாநில அரசு உலக வங்கிக் கடனோடு நடத்தும் திட்டம் அது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு, "விழுதுகள்" என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையம், தெரபி வண்டி ஆகியவை அதில் உண்டு. உங்கள் பகுதியில் மையம் திறந்துவிட்டதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். கணக்கெடுப்பில் குழந்தையின் பெயர் ஏறியதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். பேசாத குழந்தையை "வளர்ந்தா சரியாயிடும்" என்று மறைத்த வீடுகள் ஏராளம்.

காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உட்செவியில் பொருத்தும் கருவி) அரசுக் காப்பீட்டில் கிடைக்குமா? மகளுக்கு 4 வயது 8 மாதம்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 16 மாதம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். காது கேட்கும் கருவி போட்டுச் சில மாதம் பார்ப்பது, பெரா, ஸ்கேன், நிமோனியா தடுப்பூசி, குழு ஒப்புதல் என்று ஆறு மாதம் ஓடிவிடும். இப்போதே தொடங்கினாலும் தாமதம்தான். பேச்சு பிடிப்பதில் 2 வயதில் வைத்த குழந்தைக்கும் 5 வயதில் வைத்த குழந்தைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அறுவை முடிந்ததும் மேப்பிங்கும் (குழந்தைக்கு ஏற்றபடி கருவியின் ஒலி அளவை அமைப்பது) செவிவழிப் பேச்சுப் பயிற்சியும் ஓராண்டாவது தவறக் கூடாது. பயிற்சிக்குப் போகாத குழந்தைக்கு அது தலையில் ஒட்டிய விலையுயர்ந்த காந்தம். வெளிப்புறக் கருவியின் வாரன்டி முடியும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். அதன்பின் ஒயர், பேட்டரி, காயில் எல்லாம் உங்கள் செலவு.

ஆட்டிசம் மகனுக்கு எல்கேஜி இடம் தர மறுக்கிறது ஒரு தனியார் பள்ளி.

மறுப்பை எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள். பதிவுத் தபாலில் விண்ணப்பித்துச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்பது 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் மாற்றுத்திறன் குழந்தை சிறப்புப் பிரிவில் வரும். யூடிஐடி இங்கேதான் கைகொடுக்கும். புகாரை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள்.

மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு எடுக்கலாமா?

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இவற்றில் ஒன்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை, ஏற்கெனவே உள்ள நோய் என்று தள்ள மாட்டார்கள், தெரபி பில்லுக்கும் உள்வரம்போடு பணம் உண்டு. காது குறைபாடு மட்டும் என்றால் கிடையாது. மார்ச் முடிவதற்குள் புதுப்பிக்காமல் ஏப்ரலில் எழுதுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டெம் செல் போட்டால் ஆட்டிசம் குணமாகும் என்று ஒரு மையம் 4 லட்சம் கேட்கிறது.

வேண்டாம். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் சொல்லிவிட்டது. பொதுவாகவே எந்த மையத்திலும் ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோரிடம் இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவெண் கேளுங்கள். சுவரில் தொங்கும் மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழ் பதிவெண் ஆகாது.

வளைபாதத்துக்குக் கட்டு எல்லாம் போட்டுக் கால் நேராகிவிட்டது. ஷூவைக் கழற்றிவிடலாமா? 9 மாதம்.

கூடாது. முதல் 3 மாதம் நாளைக்கு 23 மணி நேரம், பிறகு 4 வயது வரை தூங்கும்போதெல்லாம். கால் நேராக இருப்பதே அந்த ஷூவால்தான். குழந்தை அழுகிறது என்று கழற்றிய வீடுகளில்தான் பாதம் மறுபடி வளைந்து, கட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. ஷூ சிறிதானால் அடுத்த அளவு டிஇஐசி வழியாகக் கேளுங்கள், விரல் வெளியே தொங்கும் வரை காத்திருக்காதீர்கள்.