இட்லி சாப்பிட்டும் ஏன் குறையவில்லை?

கேள்வி: என் 8 வயது மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்படுத்தும் நோய்). ஒன்றரை வருடமாகக் கோதுமையே கொடுப்பதில்லை. இட்லி, சாம்பார் சாதம், கேழ்வரகுக் களிதான். ஆனாலும் ரத்தத்தில் டிடிஜி (சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள்) அளவு இறங்கவில்லை. என்ன தவறு செய்கிறோம்?

பதில்: முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு அல்லது மைதா சேர்ந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் அது போகிறது. அரிசி மாவும் கோந்தும் மட்டும் சேர்ந்தது என்று அச்சிட்ட டப்பாவை வாங்குங்கள். கிடைக்காத நாட்களில் பூண்டு தட்டிப் போட்டாலே மணம் வரும்.

அடுத்து மாவு மில். உங்களுக்கு முன் அரைத்தவருடைய கோதுமை மிஷினில் ஒட்டியிருக்கும். உங்கள் கேழ்வரகோடு சேர்ந்து வரும். கணக்குப் பாருங்கள்: க்ளூட்டன் இல்லாதது என்று விற்க உச்சவரம்பு, கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன் கோதுமை மாவில் மட்டும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கிறது. 10 கிலோ கேழ்வரகு மாவை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிட அதுவே போதும்! கேழ்வரகை நீங்களே கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். சல்லடையும் தோசைக்கல்லும் அவளுக்கென்று தனியாக இருக்கட்டும். ஓட்டலில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே அவளுடைய தோசையும் வேகும். வெப்பத்தால் க்ளூட்டன் அழியாது.

வயிற்றுவலி இல்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்; வலியே இல்லாமலும் குடல் புண்படும். இவற்றைச் சரிசெய்த பிறகும் அளவு இறங்காவிட்டால் குடல்நோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நானாகவே கோதுமையை நிறுத்தி 4 மாதம் ஆகிறது. வயிற்று உப்புசம் போய்விட்டது. இப்போது சீலியாக் டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: இப்போது எடுத்தால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். க்ளூட்டன் உள்ளே போனால்தான் உடல் டிடிஜி எதிர்ப்பொருளை உண்டாக்கும். மருத்துவர் சம்மதத்தோடு தினமும் இரண்டு சப்பாத்தி வீதம் 6 முதல் 8 வாரம் சாப்பிட்டுவிட்டு எடுங்கள். மொத்த ஐஜிஏ (ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்பொருள்; டிடிஜியும் இந்த வகைதான்) அளவையும் சேர்த்துக் கேளுங்கள். அது பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு டிடிஜி முடிவு ஏமாற்றிவிடும். உப்புசம் குறைந்ததை வைத்துச் சீலியாக் என்று முடிவு கட்ட வேண்டாம். கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தும் வாயுவை உண்டாக்கும்.

கேள்வி: சீலியாக் உள்ளவர்கள் சம்பா கோதுமை சாப்பிடலாமா? நாட்டு ரகம்தானே?

பதில்: கூடவே கூடாது. எந்த ரகமானாலும் கோதுமையில் க்ளூட்டன் உண்டு. ரவை, சேமியா, பார்லி, மால்ட் பானங்களுக்கும் இதே பதில்தான்.