திட்டு, மடு, படுகை: ஆற்றை வரைபடமாக்குவோருக்குக் கேள்வி பதில்

மாயனூர் கதவணை முதல் முக்கொம்பு வரை, அகண்ட காவிரியின் நிலவடிவங்களை வரைபடமாக்கி வருகிறேன். அதைப் பற்றி மாணவர்களும் பறவை பார்ப்பவர்களும் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): பிப்ரவரி மாதச் செயற்கைக்கோள் படத்தில் நிறைய மணல்திட்டுகள் தெரிகின்றன. ஆகஸ்ட் படத்தில் பாதிகூட இல்லை. எதை வைத்து வரைவது?

பதில்: திட்டுகள் எங்கேயும் போய்விடவில்லை, தண்ணீருக்கடியில்தான் இருக்கின்றன. வழக்கப்படி மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள் (எல்லா ஆண்டும் அப்படி நடப்பதில்லை என்பது வேறு கதை). ஆகஸ்ட்டில் நீங்கள் வரைந்தது அன்றைய தண்ணீரின் விளிம்பை, திட்டின் விளிம்பை அல்ல. தண்ணீர் குறைந்த மாதத்துப் படத்தில் திட்டின் உருவத்தை வரையுங்கள். அதன்மேல் வெள்ளக்காலப் படத்தை வைத்து, மூழ்குவது எது, தப்புவது எது என்று தனி அடுக்காகப் போடுங்கள். படத்தின் தேதியையும் அன்று மேலே திறந்துவிட்ட கன அடியையும் கூடவே குறியுங்கள். இந்த இரண்டும் இல்லாத ஆற்று வரைபடத்தை நான் நம்புவதில்லை.

கேள்வி (கரூர்): கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில், செயற்கைக்கோள் படத்தில் தண்ணீரைத் தரையிலிருந்து பிரித்துக்காட்டும் நீர்க் குறியீடு போட்டேன். கதவணைக்கு மேலே தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் புல்தரை என்று வருகிறதே?

பதில்: ஆகாயத்தாமரை மூடியிருக்கும். அந்தக் குறியீடு படத்தில் பதிவான பச்சை ஒளிப் பட்டையையும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளிப் பட்டையையும் ஒப்பிடுகிறது. இலை அகச்சிவப்பை வாரித் திருப்பும், தண்ணீர் விழுங்கிவிடும். எனவே மிதக்கும் இலையைத் தரை என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்தடுத்த தேதிப் படங்களைப் பாருங்கள்: ஆகாயத்தாமரை காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இடம் மாறும், நாணல் மாறாது.

கேள்வி (முசிறி): இயற்கையான மடுவையும் மணல் அள்ளிய குழியையும் படத்திலேயே பிரிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். மடுவுக்கு ஒரு காரணம் இருக்கும். ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரை ஓரம், பாறை தலைநீட்டும் இடம், பாலத்தூணின் அடி, அணைக்கட்டின் கீழ்ப்பக்கம் என்று நீர் சுழன்று தோண்டும் இடங்களில்தான் அது இருக்கும். விளிம்பு வளைந்து போகும். குழிக்கு அப்படி ஆற்றோடு சேர்ந்த காரணம் எதுவும் இருக்காது. பரந்த மணலின் நடுவில் கிடக்கும், விளிம்பு நேராக வெட்டியதுபோல் இருக்கும், கரையிலிருந்து லாரித் தடம் நேரே அதற்கு வரும். ஒரு வெள்ளம் போய்விட்டால் குழியின் ஓரமும் மழுங்கிவிடும். அப்போது பழைய படங்கள்தான் துணை. 30 மீட்டர் நுணுக்கமுள்ள (படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர்) லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1980-களிலிருந்தே இலவசமாகக் கிடைக்கின்றன. சந்தேகமானால் 'குழியாக இருக்கலாம்' என்று மூன்றாவது வகை வையுங்கள். வலிந்து ஒரு பெட்டிக்குள் தள்ளவேண்டாம்.

கேள்வி (பறவை ஆர்வலர், குளித்தலை): 'மணல்திட்டு' என்று ஒரே வகையாகப் போட்டால் போதாதா?

பதில்: நிலவடிவத்துக்குப் போதும், வாழிடத்துக்குப் போதாது. ஒரே திட்டிலேயே தண்ணீரோரம் ஈர மணல், உச்சியில் வெறும் காய்ந்த மணல், பின்பக்கம் நாணல், பழைய திட்டு என்றால் அதற்கும் பின்னால் சீமைக்கருவேலம். ஆற்று ஆலா என்ற நீர்ப்பறவை முட்டையிடுவது அந்த வெறும் உச்சியில்தான். கூடு என்று ஒன்று கட்டாது, மணலில் சிறு பள்ளம், அவ்வளவே. புள்ளிபோட்ட முட்டை மணல் நிறத்தோடு கலந்துவிடும், மிதித்த பிறகுதான் தெரியும். அதனால் கோடையில் உச்சிப்பக்கம் நடக்காதீர்கள். சுற்றிலும் தண்ணீர் ஓடும் திட்டா, கரையோடு ஒட்டிய திட்டா என்பதையும் குறியுங்கள். கரையோடு ஒட்டிவிட்டால் நாய் நடந்தே வந்துவிடும். நீர்நாய்க்குத் தேவை வேறு: மீனுள்ள மடு, ஒளிந்துகொள்ள நாணலோ மரவேரோ உள்ள கரை, ஏறிக் காய ஒரு பாறையோ மணலோ. மூன்றும் அருகருகே இருந்தால் அங்கே எச்சத்தைத் தேடுங்கள். மீன் செதிலும் முள்ளுமாக நொறுங்கிக் கிடக்கும், வாடையே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி (கோத்தகிரி): எங்கள் ஓடையில் மணலே இல்லை, எல்லாம் கல். எப்படி வகைப்படுத்துவது?

பதில்: 1954-ல் ஆற்று நிலவடிவ ஆய்வாளர் வோல்மன் சொன்ன முறை இன்றும் ஓடுகிறது. ஓடையில் அடிவைத்து நடந்து, கால்முனையில் கைக்கு அகப்படும் கல்லைப் பார்க்காமலே எடுத்து, நெடுக்கும் அல்லாமல் தடிப்பும் அல்லாமல் நடு அளவை அளக்கவேண்டும். நூறு கல் போதும். 2 மி.மீ.க்குக் கீழே மணல், 64 வரை சரளையும் கூழாங்கல்லும், 256 வரை உருண்டைக்கல், அதற்குமேல் பாறாங்கல். அழகான கல்லைத் தேடி எடுக்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள்.

கேள்வி: டிரோன் வாங்கவேண்டுமா?

பதில்: முதலில் வேண்டாம். 10 மீட்டர் நுணுக்கமுள்ள சென்டினல் செயற்கைக்கோள் படம் இலவசம். பெரிய திட்டுகளுக்கு அது போதும். பறக்கவிடுவதானால், டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று முன்னதாகப் பாருங்கள், ஆலா முட்டையிடும் மாதங்களில் திட்டின்மேல் தாழ்வாக ஓட்டவே ஓட்டாதீர்கள்.