பதில்: நிலக்கரி மட்டும் போதுமா?

தம்பி, "பிரிட்டனில் நிலக்கரி இருந்தது, அதனால் தொழிற்புரட்சி அங்கே முதலில் வந்தது" என்று எழுதியதற்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது என்கிறீர்கள். ஆசிரியர் பக்கம்தான் நியாயம். நிலக்கரி நம் மலேசியாவில் பத்து அராங் என்ற ஊரிலும் இருந்தது. ரயிலை ஓட்டியது, 1960இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

கூலியைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கூலி அதிகம், கரி மலிவு. ஆளைக் குறைக்கும் இயந்திரத்தில் பணம் போட்டால் முதலாளிக்கு லாபம். 1712இல் நியூகாமன் செய்த நீராவி இயந்திரம் கரியை மூட்டை மூட்டையாக விழுங்கியது. கரி கொட்டிக் கிடந்த சுரங்க வாயிலில் தண்ணீர் இறைக்கத்தான் பெரும்பாலும் கட்டுபடியானது. ஐம்பது ஆண்டுக்கு மேல் அங்கே பழகிய பிறகு, 1769இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற மாற்றம் அதன் பசியைக் குறைத்தது.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பாட்டி விடியுமுன் பால்மரம் சீவப் போவார். அவ்வளவு மலிவாகக் கைகள் கிடைத்தால் எந்தத் துரை இயந்திரம் தேடுவார்? ரப்பரும் கப்பலேறியது, லாபமும் கப்பலேறியது.

உழவில் விளைச்சல் கூடியது, வங்கிகள், கடல் கடந்த சந்தை ஆகியவற்றை ஒரே பத்தியில் முடித்துவிடுங்கள். கூலிக்கும் கரிக்கும் இரண்டு பக்கம் கொடுங்கள்.